நானே கேட்டு வாங்கிய கொரியா

சாந்தோம்,
8 மார்ச் 1949

அன்புள்ள அக்கா,

நேற்று நீ அடையாறிலிருந்து நடந்தே வந்து எங்கள் மடத்துத் தலைவரான சுப்பீரியர் சாமியார் முன்னால் கைகூப்பி நின்றாயே, அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

"அப்பா படுத்த படுக்கையா கீறாரு சாமி. இவன ஏன் கொரியாவுக்கு அனுப்பறீங்க? வேற ஆளே இல்லியா?" என்றாய். அவர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த கொரியப் பாடப்புத்தகத்தைப் பார்த்தேன். "தம்பியைக் கேளும்மா" என்றார். நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "அவன் இன்னா பண்ணுவான், பாவம்" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டாய்.

பிறகு கொரிய மொழி வகுப்பு. கொரியாவில் இருபது வருஷம் ஊழியம் செய்த வயதான சாமியார்தான் எங்களுக்கு ஆசிரியர். அங்கே தம்பி அக்காவை 'நூனா' என்று கூப்பிடுவானாம். எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். நான் அதை ஏட்டில் எழுதி மட்டும் வைத்துக்கொண்டேன்.

அக்கா, என்னை யாரும் அனுப்பவில்லை. மேலிடத்து உத்தரவு என்று உன்னிடம் சொன்னது பொய். நானேதான் மூன்று முறை எழுதிக் கேட்டு வாங்கினேன். ஊழிய ஆசை உண்மைதான். இங்கேயே இருந்தால் அப்பாவின் படுக்கையருகே என் காலமும் கழிந்துவிடுமோ என்ற பயமும் உண்மை. உனக்கு அந்தப் பயம் உண்டா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

நீ வேண்டாம் என்றால் போகமாட்டேன் என்று இன்று சுப்பீரியரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். எழுதும்போதே தெரியும், நீ போ என்றுதான் சொல்வாய். அதுதான் அக்கா, என்னைத் தின்கிறது.

உன் தம்பி