குருநகரில் கண்ணுக்கு லீவு

இணுவில்,
31.05.2025

சாருவின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

போனில் கதைத்தால் மூன்றாவது நிமிடத்தில் சண்டையாகிறது. மருதனார்மடம் சந்தியில் பிள்ளையைக் கைமாற்றும்போது கதைத்தால் வெங்காயக்காரர் முதல் ஆட்டோக்காரர் வரை காது கொடுக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். சனிக்கிழமை நீங்கள் சாருவைக் கூட்டிப் போகும்போது அவளுடைய கிளினிக் கொப்பியும் வரும். என் கடிதம் அதன் உறைக்குள் இருக்கும். பதிலையும் அதற்குள்ளேயே வையுங்கள்.

புதன்கிழமை பெரியாஸ்பத்திரியில் கண் டொக்டரிடம் காட்டினேன். இடது கண் மாறுகண்ணாக உள்ளே இழுப்பதால் அந்தக் கண் பார்க்கப் பழகவே இல்லையாம். நல்ல கண்ணைத் தினமும் ஆறு மணித்தியாலம் ஒட்டி மூட வேண்டும். அப்போதுதான் மற்றது வேலை செய்யத் தொடங்கும். கண்ணாடி தேவையில்லை. ஒப்பரேசனைப் பற்றிப் பிறகுதான் யோசிக்க வேண்டுமாம். இந்த நாலு வயதில் மூடிப் பழக்கினால் பலன் உண்டு, ஏழெட்டு வயதானால் கஷ்டம் என்றார். அதைக் கேட்டதில் இருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சனிக்கு ஒன்று, ஞாயிறுக்கு ஒன்று என்று இரண்டு ஒட்டு வைத்திருக்கிறேன். சுன்னாகத்தில் மருந்துக்கடையில் வாங்கியது. மூடிய நேரத்தைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

உதயகலா


குருநகர்,
08.06.2025

அன்புள்ள கலாவுக்கு,

ஆறு வருடம் உம்மோடு குடும்பம் நடத்தியும், கடைச் சாமான் எழுதிய துண்டைத் தவிர உம்முடைய எழுத்தை நான் கண்டதில்லை. கோபமாக இருந்தாலும் வடிவான எழுத்துத்தான்.

சொன்னபடி மூடினோம். போன கிழமைக்கும் இந்தக் கிழமைக்கும் ஆறு, ஆறு என்று கொப்பியில் எழுதியிருக்கிறேன்.

ஆனால் கலா, நல்ல கண்ணை மூடிவைத்தால் மற்றக் கண் எப்படி நேராகும்? நான் இங்கே சும்மா இருக்கவில்லை. கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்து எண்பதாயிரம். இன்னொன்றில் இரண்டு லட்சத்துத் தொண்ணூறு, ஆனால் மயக்க மருந்து கொடுக்கும் டொக்டருக்குப் புறம்பாகக் கட்ட வேண்டும். என்னைப் போலவே படகு வைத்திருக்கும் றஜிந்தனின் தங்கை சென்னையில் இருக்கிறாள். அங்கே எங்கள் காசுக்கு இரண்டரை லட்சத்துக்குள் முடியுமாம். காங்கேசன்துறையில் இருந்து கப்பலில் போனால் பிளேனை விட மலிவு. ஆனாலும் மூன்று பேருக்கும் விசா, தங்குமிடம் என்று பார்த்தால் கொழும்புக் கணக்கையே தொட்டுவிடுகிறது.

பெரியாஸ்பத்திரியில் சதம் செலவில்லை. அது எனக்கும் தெரியும். சதம் செலவில்லாததைத்தான் என் பிள்ளைக்குச் செய்தேன் என்று சொல்ல மனம் வருகுதில்லை.

அன்புடன்,
லெனாட்


இணுவில்,
14.06.2025

சாருவின் அப்பாவுக்கு,

உங்கள் விலைப்பட்டியல் கிடைத்தது. கரையில் மீன் ஏலம் கேட்பது போல இருக்கிறது.

நானும் கேட்காமல் விடவில்லை. "காசு கட்டிச் செய்தால் கெதியாச் சுகம் வருமோ?" என்று டொக்டரிடம் நேரேயே கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "தங்கச்சி, ஒப்பரேசன் கண்ணை நேரா வைக்கும். பார்வையைக் குடுக்காது. பார்வையைப் பிள்ளைதான் பழகவேணும்" என்றார். அப்படிப் பழகுவதற்குக் கொழும்பில் என்ன விலை, சென்னையில் என்ன விலை என்று விசாரித்துச் சொல்லுங்கள்.

உங்களுடைய அவசரம் எதற்கென்று எனக்குத் தெரியும். அடுத்த மாதம் உங்கள் யாகப்பர் கோயில் திருநாள். போன திருநாளன்று உங்கள் ஜெரிசன் அண்ணை எல்லோருக்கும் முன்னால் சாருவைக் காட்டி, "உந்த வாக்குக்கண்ணி ஆரைப் பாக்கிறாள் எண்டு ஆருக்கும் விளங்காது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அன்றைக்குத்தான் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். இந்த வருடம் நேரான கண்ணோடு அவளை அந்தச் சனத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதானே?

இங்கே ஒவ்வொரு நாளும் போராட்டம். ஒட்டைப் பிய்க்கிறாள், கையைக் கடிக்கிறாள், மிளகாய்க் கன்றுகளுக்குள் ஒளிக்கிறாள். என் அப்பா தண்ணீர் இறைப்பதை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குள் அவளைத் தேடுகிறார். நேற்று கேட்கிறாள், "அம்மா, வாக்குக்கண் எண்டால் ஆரும் வாக்குக் குடுத்த கண்ணோ?" என்று. நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

உதயகலா


குருநகர்,
29.06.2025

அன்புள்ள கலாவுக்கு,

ஓம், சிரித்தேன். அண்ணைக்கு முன்னால் வாய் திறக்கத் தெரியாதவன் சிரித்த சிரிப்பு அது. அதற்கு நீர் என்ன பெயர் வைத்தாலும் நான் மறுக்கமாட்டேன்.

இதற்கு மேலும் விசாரித்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. கடலில் நின்றாலும் இதே நினைவுதான். வலை எங்கே விட்டேன் என்பதே ஒரு நாள் மறந்துபோனது. அதனால் படகு எஞ்சினை விற்றுவிட்டேன். கொழும்பில் ஜூலை 14ஆம் திகதிக்கு நாள் எடுத்து ஐம்பதாயிரம் முற்பணமும் கட்டியாயிற்று. ரயிலில் மூன்று சீற் போட்டிருக்கிறேன். நீர் வந்து கையெழுத்து வைத்தால் போதும். வழி முழுக்க என்னோடு கதைக்காமல் வந்தாலும் சரி.

ஒட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சாரு இங்கே ஒரு நாளும் அழவில்லை. ஆறு மணித்தியாலமும் கெட்டிக்காரியாக இருக்கிறாள்.

அன்புடன்,
லெனாட்


இணுவில்,
03.07.2025

சாருவின் அப்பாவுக்கு,

இதைத் தபாலில் அனுப்புகிறேன். காரணம் கடைசியில் இருக்கிறது.

அழவில்லை என்று எழுதினீர்கள். அதிலேயே பிடிபட்டுவிட்டீர்கள். ஒட்டை எடுத்தால் கன்னத்தில் சிவந்த வட்டம் படுக்கும்வரை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மட்டும் அவளுடைய கன்னம் பளிச்சென்று வரும். ஒரு மாதமாகக் கவனித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அங்கே ஒட்டை மெதுவாகக் கழற்றுகிறார்களாக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

நேற்று கிளினிக்கில் டொக்டர் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, "ஒரு நாளும் தவறவிடேல்லை எண்டு எழுதியிருக்கு. அதுக்கு இந்த முன்னேற்றம் போதாதே" என்றார். நான் வாய் திறக்க முதல் சாரு சொன்னாள், "குருநகரிலை கண்ணுக்கு லீவு."

டொக்டர் பேனையை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கள்ளக் கணக்கோடு பிடிபட்டவள் போல இருந்தேன்.

ஐந்து நாள் நான் அழவைத்துப் பழக்குகிறேன். இரண்டு நாள் நீங்கள் சிரிக்கவைத்துக் கெடுக்கிறீர்கள். அவளுக்கு நான் பொல்லாத அம்மா, நீங்கள் நல்ல அப்பா. எஞ்சினை விற்க முடிந்த உங்களுக்கு ஒரு பிள்ளையின் அழுகையைத் தாங்க முடியவில்லையா?

கொழும்புக்கு நான் வரமாட்டேன். சாருவும் வரமாட்டாள். இனிச் சனிக்கிழமைகளில் மருதனார்மடத்துக்கு வர வேண்டாம்.

உதயகலா


குருநகர்,
15.07.2025

அன்புள்ள கலாவுக்கு,

நேற்று ரயிலில் தனியாகக் கொழும்புக்குப் போனேன். பக்கத்தில் இரண்டு சீற்றும் வெறுமையாக வந்தன. முற்பணத்தைத் திருப்பி வாங்கத்தான் போனேன், ஆனாலும் டொக்டரைப் பார்க்காமல் வர மனமில்லை. சாருவின் கிளினிக் கொப்பியைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். அதைக் காட்டினேன். அவரும் அதையேதான் சொன்னார். முதலில் மூடுங்கள், அதற்குப் பிறகு பார்ப்போம். மூன்று லட்சத்து எண்பதாயிரத்துக்கும் அதே பதில்தான், கலா.

கொப்பியில் நான் எழுதிய ஆறு எல்லாம் பொய். ஆனால் முதல் சனிக்கிழமை உண்மையாகவே ஒட்டினேன். அதை உமக்குச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

பகல் பதினொரு மணி இருக்கும். முற்றத்தில் நல்ல வெயில். ஒட்டிக் கொஞ்ச நேரத்தில் அவள், "அப்பா, லைற்றைப் போடுங்கோ" என்றாள். விளையாட்டு என்று நினைத்தேன். பிறகு வலைக் குவியலில் கால் தடக்கி விழுந்தாள். தூக்குவதற்குச் சத்தமில்லாமல் கிட்டப் போனேன். இரண்டு முழத் தூரத்தில், அவளுக்கு நேரே நிற்கிறேன். என்னைப் பார்த்து, "ஆர் அது?" என்று கேட்டாள்.

என் பிள்ளை என்னைப் பார்த்து ஆர் என்று கேட்டாள். ஒட்டைப் பிய்த்து எறிந்தேன். அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு இரண்டாவது முறை ஒட்ட என் கை வரவில்லை. கொப்பியில் ஆறு என்று எழுத மட்டும் வந்தது.

அதுவரைக்கும் அது பார்வைக்கு அழகில்லாத ஒரு கண் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கண்ணுக்குப் பார்வையே இல்லாமல் போகிறது என்று அன்றுதான் விளங்கியது. காசைக் கொட்டி ஒரே நாளில் அதை இல்லாமல் பண்ணிவிடலாம் என்று ஓடித் திரிந்தேன். நீர் ஒவ்வொரு நாளும் தனியாக இதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்.

அண்ணை வீட்டுக்குப் போய், "என்ரை பிள்ளையை இன்னொரு முறை அப்பிடிக் கூப்பிட்டியள் எண்டால் இந்த வாசல் படலையை மிதிக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வருடம் பிந்திவிட்டது, தெரியும்.

எஞ்சின் இல்லாததால் றஜிந்தனின் படகில் கூலிக்குப் போகிறேன். விடிய ஆறு மணிக்குக் கரைக்கு வந்துவிடுவோம். நீர் சம்மதித்தால் அங்கே வந்து அந்த ஆறு மணித்தியாலமும் அவளோடு இருக்கிறேன். அழட்டும். என்னையும் கடிக்கட்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

லெனாட்


இணுவில்,
21.07.2025

லெனாட்டுக்கு,

கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கோபம் இன்னும் போகவில்லை. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

முதல் நாள் என்னிடமும் "லைற்றைப் போடுங்கோ" என்றாள். நான் போட்டேன். அன்றையில் இருந்து எங்கள் வீட்டில் பட்டப்பகலில் லைற் எரிகிறது. கரண்ட் பில் வந்தபோது அப்பா அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். நானும் இதை உங்களுக்குச் சொல்லவில்லை. நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். அதுதான் நடந்திருக்கிறது.

போன புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அவள் லைற் கேட்கவில்லை. கேட்காததை அவளிடம் நான் சொல்லவும் இல்லை.

கொப்பியில் நீங்கள் எழுதிய ஆறுகளை எல்லாம் வெட்டிவிட்டேன். டொக்டரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் வந்து உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை உங்கள் திருநாள். அது முடிய, சனிக்கிழமை காலையில் வாருங்கள். எட்டு மணிக்கு ஒட்டுவோம். படலை திறந்திருக்கும். மருதனார்மடத்தில் நிற்பது போல வெளியில் நிற்க வேண்டாம், உள்ளே வாருங்கள்.

சாரு, "ஆர் அது?" என்று கேட்பாள். அப்பா என்று சொல்லிவிடாதீர்கள். இருமவும் வேண்டாம். அவளுக்கு நேரே வெளிச்சத்தில் பேசாமல் நில்லுங்கள். அந்தக் கண்ணாலேயே அவள் உங்களைக் கண்டுபிடிக்கட்டும். ஒரு மாதம் எடுத்தாலும் நில்லுங்கள்.

மற்றதை எல்லாம் அதற்குப் பிறகு கதைப்போம்.

கலா