பொழுது சாயும் முன்

ஜெயந்திமாலா, சுகமா? முழங்கால் வலி கம்மியா? நான் நலம். இப்போதுதான் எழுதக் கற்றேன். என் கையால் எழுதும் முதல் கடிதம் இது.

நான் காவல் இருக்கும் செங்கம் சாலை வீட்டில் பல நாட்டுப் பிள்ளைகள் நாடகம் போடுகிறார்கள். வீட்டில் தங்களைச் சாப்பிட எப்படிக் கூப்பிடுவார்கள் என்று ஒவ்வொருவரும் தங்கள் மொழியில் சொல்கிறார்கள். என்னையும் கேட்டார்கள்.

"பொழுது சாயுது, இன்னும் சாப்பிடாம இன்னா பண்றீங்க?" என்று உன்னைப்போலவே அதட்டினேன். நாம் சமணர்கள், இருட்டினால் சாப்பிடுவதில்லை என்றும் சொன்னேன். அன்றிலிருந்து வெயில் இருக்கும்போதே ஒத்திகையை நிறுத்தி, அதே வார்த்தையில் என்னைக் கூப்பிடுகிறார்கள். தங்கமான பிள்ளைகள். அதட்டத்தான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் மேடை ஏறுகிறேன். வெள்ளைச் சட்டை வேண்டும். போன தடவை போலப் பஸ்காரரிடம் கொடுத்தனுப்பாதே. நீயே எடுத்து வா.

குணபாலன்