தறுதலையின் ‘நொறுக்கு ஐஸ்’ வெளியாகிவிட்டது

என் அன்புத் தறுதலை அண்ணா,

இப்படி ஆரம்பித்திருப்பதைப் பெரியம்மா பார்த்தால் துடைப்பக்கட்டையோடு வருவாள். ஆனால் அந்தப் பெயரை உனக்கு வைத்ததே அவள்தானே? ரேஷன் கார்டில் தனசேகர், தெருவில் சேகர், அவளுக்குக் கோபம் வந்தால் தறுதலை. நீ அந்தத் திட்டையே எடுத்து ராப் பாடும் பெயராக வைத்துக்கொண்டாய். “பெத்தவங்க வச்ச பேரக் காப்பாத்துறேம்மா” என்று அவளிடமே சொல்லிவிட்டு ஓடினாய்.

உனக்கு ஒரு செய்தி. உன் ஆல்பம் வெளியாகிவிட்டது. நிறையப் பேர் கேட்டார்கள், பாராட்டினார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் நீ உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் பாராட்டினார்கள்.

மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பொறுத்துக்கொள். ஆல்பத்துக்காக நாம் கட்டிய அந்தப் பேனர் உன் ஐடியா. நம்ம ஊரில் காதுகுத்துக்குப் பேனர், கல்யாணத்துக்குப் பேனர், செத்தாலும் பேனர். “ஆல்பம் வருதுன்னு போட்டா எவன்டா நின்னு பாப்பான்? சாவு பேனர்னா பைக்க ஸ்லோ பண்ணியாவது பாப்பான்” என்றாய். நம்ம ஏரியா உப்பளத்தில் அந்த ஃபிளெக்ஸ் கடைக்குப் போனோம், ஞாபகம் இருக்கிறதா?

“எப்பப்பா போனாரு?” என்று கேட்டார் கடைக்காரர், போட்டோவை மட்டும் பார்த்தபடி.

“நான்தாண்ணே அது. இன்னும் போகல. வெள்ளிக்கிழமதான் போறேன்” என்றாய் நீ, ஆல்பம் வெளியாகும் நாளைச் சொல்லி.

அவர் நிமிர்ந்து உன்னைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். “வெளயாட்டுக்கும் ஒரு அளவு இருக்குடா. வேணாம்.”

“அண்ணே, மாலைய மட்டும் கொஞ்சம் பெருசா போடுங்க. உசுரோட இருக்கறப்ப இவனுக்கு ஒருத்தனும் போடல” என்றேன் நான். அவரே சிரித்துவிட்டார்.

கண்ணீர் அஞ்சலி. தறுதலை. மறைவு: வெள்ளிக்கிழமை. கீழே, ‘இப்படிக்கு: ஐஸ் மெஷின், ஏலக்காரர், மற்றும் நொறுக்கு ஐஸ் குடும்பத்தார்.’ தெருமுனைச் சுவரில் ஞாயிற்றுக்கிழமை கட்டினோம். உப்பளமே சிரித்தது. பெரியம்மா மட்டும் உன்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். ஆனாலும் சோற்றை மட்டும் வேளாவேளைக்குத் தட்டில் போட்டு வைத்தாள்.

செவ்வாய் சாயங்காலம் நீ கடலோரப் பிள்ளைச்சாவடிக்குக் கிளம்பினாய். இடிந்த வீட்டுச் சுவரில் கடல் மோதுகிற சத்தம் கடைசிப் பாட்டுக்கு வேண்டும் என்றாய். பாட்டைத்தான் வெளியிட அனுப்பிவிட்டோமே, இன்னும் என்ன என்று நம்மோடு பாட்டைப் பதிவு செய்த பிரான்சிஸ் கத்தினான். “மாத்தி அனுப்பலாம்டா” என்று சொல்லிவிட்டுப் போனாய். திரும்பி வரும்போது லாரி. அந்தச் சத்தம் உனக்குக் கிடைத்ததா அண்ணா? உன் ரெக்கார்டரைத் திருப்பித் தந்தார்கள். உள்ளே இருந்த கார்டு மட்டும் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்ட யாராவது உள்ளே வர வேண்டும் என்றார்கள். அப்பா ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பாவும் இல்லாத வீடு. நான்தான் போனேன்.

அப்புறம் நடந்ததைக் கேட்டால் நீயே பாட்டு எழுதுவாய். சாவு வீட்டு அவசரத்தில் தெருக்காரர் ஒருவர் பேனருக்கு அதே கடைக்குப் போன் பண்ணியிருக்கிறார். “அந்தப் பையன் படம்தான் உங்ககிட்டயே இருக்கே, அதையே போட்டுடுங்க.” கடைக்காரர் வெள்ளியைச் செவ்வாய் ஆக்கினார். ‘ஐஸ் மெஷின்’ இருந்த இடத்தில் ‘உற்றார் உறவினர்’ என்று போட்டார். அதே போட்டோ, நான் பெரிதாகக் கேட்ட அதே மாலை. அதே சுவரில், பழைய பேனருக்கு மேலேயே கட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

பைக்கில் போனவர்கள் கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போனார்கள். என் கிளாஸ் பையன் ஒருத்தன் வண்டியை நிறுத்தினான். “டேய் தினேஷு, தேதிய மாத்திட்டீங்களா? ரிலீஸு முன்னாடியேவா?”

எதற்கும் வாயில் பதில் வைத்திருக்கிறவன் நான். அன்றைக்குத் திரும்பி வீட்டுக்கு நடந்தேன்.

வெள்ளிக்கிழமை உனக்குப் பால் தெளித்தோம். சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. பெரியம்மா சொம்பைச் சாய்க்கும்போது என் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. பக்கத்தில் நின்ற பிரான்சிஸ் பாக்கெட்டிலும் அதிர்ந்தது. நீ முன்பே நேரம் குறித்து வைத்துவிட்டுப் போன ஆல்பம், சொன்ன நேரத்துக்குத் தானாக வெளியாகியிருக்கிறது. வாழ்நாளில் நீ சொன்ன நேரத்துக்கு வந்தது அந்த ஒருமுறைதான்.

கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்று தெரிய வேண்டாமா? “மிக்ஸில கல்லு மாட்டிக்கிச்சா?” என்று ஒருத்தன். “ஆடவும் முடியல, தூங்கவும் முடியல” என்று இன்னொருத்தன். தேங்காய்த்திட்டு மீன் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் மெஷினில் நீ வேலை பார்த்ததும், அந்த மெஷின்தான் உன் தாளம் என்பதும் அவர்களுக்கு எப்படித் தெரியும்? அங்கே மீன் ஏலம் விடுகிற ஏலக்காரர் குரலை நறுக்கி நறுக்கிப் போட்டு, அதற்கு அடியில் நீ கத்தாமல் காதோரம் பேசுகிற மாதிரி பாடியிருக்கிறாய்.

‘செத்த மீனு கண்ண மூடல, ஏலக்காரன் வாய மூடல,
நடுவுல நிக்கிறேன் நானு, எனக்கு மட்டும் மூடு இல்ல.’

இந்த வரியை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்க என்னிடம் பீற்றிக்கொண்டாய். இப்போது என்னால் அந்த இடத்தைத் தாண்டிக் கேட்க முடியவில்லை.

ஆனால் பாட்டை விடப் பேனர்தான் பரவியது. இரண்டு பேனரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போட்டார்கள். “சாவு வரைக்கும் போயிட்டானுங்க, வேற லெவல் விளம்பரம்.” “கருமாதி அன்னிக்கு எந்திரிச்சு வந்து கச்சேரி பண்ணுவான் பாரு.” நான் கீழே போய் எழுதினேன், அவன் நிஜமாகவே இறந்துவிட்டான், நான் அவன் தம்பி என்று. உடனே ஒரு பதில்: “யாரு, மழைக்கு லீவுன்னு போன வருஷம் ஸ்கூல் முழுக்க மெசேஜ் அனுப்புனவனா? உன்ன நம்பி அன்னிக்கு நான் லீவு போட்டேன்டா.” அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள்.

பிரான்சிஸ் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், ஊர் வாயில் ‘சொல்தா’, இல்லையா, அவருடைய கார் ஷெட்டில்தானே இதையெல்லாம் பதிவு செய்தோம். அங்கே போய் உட்கார்ந்தேன். “விட்றா,” என்றான் பிரான்சிஸ். “உசுரோட இருந்தப்ப ஒருத்தனும் கேக்கல. இப்ப கேக்கறானுங்க. எதுக்குக் கேட்டா நமக்கென்ன? கேக்கட்டும்.” சொல்லும்போதே அழுதான். எனக்கும் அது சரியென்றே பட்டது. நீ ஊருக்குள் இப்படி ஒளிந்து விளையாடிக்கொண்டிருப்பதாக நாலு பேர் நம்பினால் என்ன கெட்டுவிடும் என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாசனை வந்தது. நெத்திலிக் குழம்பு. கருமாதி முடியாத வீடு அண்ணா. பதினாறு கழிகிற வரைக்கும் கவிச்சி உள்ளே வரக் கூடாத வீடு. யாரோ பக்கத்து வீட்டில் வைக்கிறார்கள் என்று நினைத்தபடி உள்ளே போனேன். அடுப்பு முன்னால் பெரியம்மா நின்றிருந்தாள். தலையை வாரிப் பின்னியிருந்தாள்.

“வா, உக்காரு. நீ சாப்புடு. அவனுக்கு ஒரு டப்பால போட்டுத் தரேன், எடுத்துனு போ.”

“யாருக்கு பெரிம்மா?”

“நடிக்காதடா.” சிரித்தாள். “காலைல காலேஜ் பசங்க வந்தானுங்க. ‘ஆன்ட்டி, தறுதலை அண்ணன் கருமாதி அன்னிக்குதான் வெளிய வருவாரா’ன்னு கேட்டானுங்க. ஊருக்கே தெரியுது, பெத்தவளுக்குத் தெரியக் கூடாதா? எங்கடா வச்சிருக்கீங்க? அந்த சொல்தா வீட்டு ஷெட்டுலயா?”

கரண்டியால் குழம்பைக் கிளறினாள்.

“நான் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன். கருமாதி வரைக்கும் அழுதுக்கினே இருக்கேன். எனக்கும் நடிக்கத் தெரியும்.”

“பெரிம்மா, இல்ல…”

“மொகத்த எனக்கு எங்கடா காட்டுனாங்க? மூட்டையாட்டம் கட்டிக் குடுத்தாங்க. உள்ள போயி பாத்தவன் நீ ஒருத்தன்தான்.” குரலைத் தாழ்த்தினாள். “நீ சொல்லி நான் எதடா நம்பியிருக்கேன்?”

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. டப்பாவை வாங்கிக்கொண்டு போய்விடலாம். கருமாதி வரைக்குமாவது அவள் இப்படித் தலை வாரிக்கொண்டு இருக்கட்டும். நீ என்றால் என்ன செய்திருப்பாய்?

“நான் பாத்தேன் பெரிம்மா. மொகத்துல பாதிதான் கட்டு. காதுல கடுக்கன் இருந்திச்சு. புருவத்துல அந்தத் தழும்பு இருந்திச்சு. அவன்தான். தொட்டுப் பாத்தேன், ஜில்லுனு இருந்தான்.”

அவள் கரண்டியை வைத்துவிட்டு வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். புளியும் மீனும் மணக்கிற கை. நான் புளுகும்போது சிரிப்பை அடக்கி அடக்கி என் இடது கன்னம் துடிக்கும். சின்ன வயதிலிருந்தே அதை வைத்துத்தான் அவள் என்னைப் பிடிப்பாள். இப்போதும் அந்தக் கன்னத்தையே பார்த்தாள். துடித்துவிடாதா என்று பார்த்தாள். நானும் துடித்துவிடாதா என்றுதான் நின்றேன். அவள் காத்திருந்தாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டே இருந்தது.

துடிக்கவில்லை.

கையை எடுத்தாள். போய் அடுப்பை அணைத்தாள். திரும்பாமலேயே கேட்டாள், “அப்ப இந்தக் கொழம்ப என்னடா பண்றது?”

அதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா அண்ணா?

அன்றைக்கே பிரான்சிஸிடம் சொல்லி, ஆல்பத்துக்கு மேலே முதல் வரியாகப் போட்டோம்: தனசேகர் இறந்துவிட்டார், இது விளம்பரம் அல்ல. சுவரிலிருந்து இரண்டு பேனரையும் அவிழ்த்துவிட்டேன். சிலர் மன்னிப்புக் கேட்டார்கள். ஒருத்தன் “அப்ப கச்சேரி கிடையாதா?” என்று கோபித்துக்கொண்டான். அதற்கப்புறம் கூட்டம் குறைந்துவிட்டது. நீ கேட்டால் திட்டுவாய், அதனால் எவ்வளவு என்று சொல்ல மாட்டேன்.

மிஞ்சியவர்களில் ஒருவர் உன்னோடு ஐஸ் உடைத்த முருகையன் அண்ணன். போன் பண்ணினார். “நம்ம மிஷினு பல்லு தேஞ்ச சத்தம் அப்படியே இருக்குப்பா. மூணாவது பாட்டுல அவன் இருமுறான் பாரு, ஐஸ்ல நின்ன இருமலு. அத வெட்டாம வுட்டீங்களே, நல்லதாப் போச்சு” என்றார். உன் ஆல்பத்துக்கு வந்த விமர்சனத்தில் எனக்கு அது போதும்.

நேற்று பெரியம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். நான் தாண்டிப் போகும்போது கூப்பிட்டாள். “நெஜமாவாடா?” என்றாள். “நெஜந்தான் பெரிம்மா” என்று சொல்லி முகத்தைக் காட்டினேன். பார்த்தாள். சரி போ என்றாள்.

நாளைக்கும் கேட்பாள். கருமாதி முடிந்தும் கேட்பாள். ஊரில் யாரிடம் என்ன புளுகினாலும், அவள் கேட்கிற ஒவ்வொரு தடவையும் நின்று, முகத்தைக் காட்டி, அந்த ஒரே பதிலைச் சொல்வேன். ஓடிவிட மாட்டேன். உன் மேல் சத்தியம்.

உன் சித்தி பெற்ற தம்பி,
தினேஷ்