டப்பாவில் இல்லாத வெள்ளை மாத்திரை

ஜூன் 29, ஞாயிறு

காலையிலேயே வேக்காடு. பத்து மணிக்குள் இரண்டு முறை குளித்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வேலை: தம்பி குமாரின் மாத்திரை டப்பாவை நிரப்புவது. ஏழு நாள், காலை மாலை, பதினாலு அறை. என் கிட்னி அவனுக்குள் போய் நாளையோடு மூன்று மாதம். இந்த வேலையை மட்டும் யாருக்கும் விட்டுத்தரவில்லை. அவன் மனைவி செல்வி ஒருநாள், "நான் போடட்டுமா அண்ணி?" என்றாள். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். இரண்டு வாரமாகப் புதிதாகத் தரும் அந்தப் பெரிய வெள்ளை மாத்திரை ஆன்டிபயாடிக்காம். காய்ச்சல் இல்லை, புண் இல்லை, பிறகு எதற்கு? சீட்டில் 'தொற்று வராமல் தடுக்க, தினம் ஒன்று, ஆறு மாதம்' என்று இருக்கிறது. ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி விழுங்காதே என்று ஏழாம் வகுப்புக்குத் தொண்டை வறள நடத்துபவள் நான். வராத நோய்க்கு ஆறு மாதமா?

வாங்க: கை கழுவும் சோப்பு, மாஸ்க், சிவப்புப் பேனா. பச்சைக் கொத்தமல்லி சட்னி வேண்டாம் (வேகாதது எதுவும் அவனுக்குக் கூடாது) என்று செல்வியிடம் மறுபடி சொல்ல.

ஜூலை 1, செவ்வாய்

குமாரின் ரத்த ரிப்போர்ட் வந்தது. கிரியாட்டினின் 1.4. போன மாதம் 1.1.

இது ஏறினால் கிட்னி சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். நாலு வருஷ டயாலிசிஸ் வீடு இது. இங்கே முதலில் இந்த எண்ணைத்தான் கேட்போம், சாப்பிட்டாயா என்பதெல்லாம் அப்புறம். அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். நர்ஸ்: "டாக்டர் பார்த்துட்டாங்கம்மா. எந்த மருந்தையும் மாத்த வேணாம். அடுத்த வாரம் வாங்க." ஏன் ஏறியது என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

வெள்ளை மாத்திரை வந்த பெட்டிக்குள் மடித்துவைத்த காகிதத்தைப் பிரித்துப் படித்தேன். எறும்பு எழுத்து. 'சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எச்சரிக்கையுடன்.' கீழே: 'கிரியாட்டினின் உயரலாம்.' சிவப்பில் அடிக்கோடு போட்டேன். ஆக, இதுதான் என் கிட்னியை அரிக்கிறது. (அவன் கிட்னி. எப்படி எழுதுவது என்று இன்னும் பிடிபடவில்லை.)

மாலை குமாரும் செல்வியும் வெளியே போன நேரம். டப்பாவிலிருந்து வெள்ளையை மட்டும் பொறுக்கி எடுத்தேன். இந்த வாரத்தில் பாக்கி நாலு. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

சரியா, தப்பா? தெரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

ஆஸ்பத்திரி. அடையாறு பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் குமாரைப் பார்த்து, "இன்னாமா, சாருக்கு உடம்பு சரியில்லையா? இந்த வெயில்ல மாஸ்க் போட்டுகினு கீறாரு" என்றார். குமார் சிரித்தான். சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

கிரியாட்டினின் 1.2. இறங்கிவிட்டது. அப்படியென்றால் நான் செய்தது சரிதான். சரிதானே?

டாக்டரம்மா, "மருந்தெல்லாம் ஒழுங்கா போகுதா?" என்று அவனைத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டு தலையாட்டினேன். குமார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு ரிப்போர்ட் வரட்டும் என்று பார்க்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

லேசான மழை, மண் நனையவில்லை. துவைத்த துணி மட்டும் நனைந்தது.

டப்பா நிரப்பினேன். செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணி, வெள்ளை மாத்திரை அட்டை அப்படியே இருக்கே?"

"டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாங்க."

வாய் கூசாமல் வந்தது பொய். அவள் எழுந்து போய் அரிசி களைந்தாள். பரீட்சைத் தாள் இருபத்திரண்டு பாக்கி. ஒன்றும் ஓடவில்லை.

ஜூலை 17, வியாழன்

குமாருக்குக் குளிர் ஜுரம். 101. போர்வைக்குள்ளிருந்து மெதுவாக, "ரெண்டு நாளா யூரின் போனா எரியுதுக்கா" என்றான். ரெண்டு நாளா!

அட்மிட். சிறுநீரில் தொற்று, கிட்னி வரை ஏறியிருக்கிறதாம். கிரியாட்டினின் 2.1.

டாக்டரம்மா: "தடுப்பு மாத்திரை போட்டுட்டுத்தானே இருந்தீங்க?"

நான் வாய் திறப்பதற்குள் குமார் சொன்னான். "நான்தான் மேடம் நிறுத்திட்டேன். வயித்தைப் புரட்டுச்சு."

செல்வி என்னைப் பார்த்தாள்.

ஜூலை 18, வெள்ளி

கையில் டிரிப். ஜுரம் விட்டுவிட்டு. செல்வி காபி வாங்கப் போனபோது கேட்டேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளேக்கா. காலைல வெள்ளை ஒண்ணு இருக்கும், அன்னிக்கு இல்ல."

"ஏன்டா கேக்கல?"

"குடுத்தவ நீ. உன்னை எப்படிக் கேக்கறது?"

வராண்டாவுக்குப் போய் அழுதேன். பிறகு நேராக டாக்டரம்மா அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், சிவப்பு அடிக்கோடு உட்பட. அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அந்த மாத்திரை கிரியாட்டினின் எண்ணைக் கொஞ்சம் ஏத்திக் காட்டும்மா. கிட்னி கெட்டதா அர்த்தமில்ல. நிறுத்தினா எண் இறங்கும், காவலும் போயிடும். புதுக் கிட்னியை உடம்பு தள்ளிடக் கூடாதுன்னு எதிர்ப்புச் சக்தியை நாங்களே கொறைச்சு வெச்சிருக்கோம். அதனாலதான் கிருமி வர்றதுக்கு முன்னாடியே மருந்து."

இவ்வளவுதான் விஷயம். அன்றே கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார். எண் ஏறியபோது கிட்னி நன்றாக இருந்தது. எண் இறங்கி நான் சந்தோஷப்பட்டபோது அதற்குக் காவல் இல்லை. ஒரு டீச்சருக்கு இது தலைகீழாகப் புரிந்திருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

1.7. ஜுரம் இல்லை. பழைய 1.1-க்குத் திரும்புமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்.

செல்வியிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். "தெரியும் அண்ணி" என்றாள். டப்பா இனி அவளிடம்.

மத்தியானம் குமார் ரசம் சாதம் பாதி சாப்பிட்டான். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "இனிமே நான் எது செஞ்சாலும் ஏன்னு கேளு. பதில் சொல்லலைன்னா சண்டை போடு. கிட்னி குடுத்தேங்கறதுக்காக வாயை மூடிக்காதே. புரியுதா?"

"சரிக்கா" என்றான். ஒரு நொடிகூட யோசிக்காமல்.