பின்வாசல் வழியாகத் தேநீர்

ஜூன் 8, ஞாயிறு, இரவு

அடுத்த மாத ரத்தப் பரிசோதனையிலும் சர்க்கரை குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொன்னதிலிருந்து என் கணவர் சரியாகத் தூங்குவதில்லை. ஊசி என்றாலே இவருக்கு அவ்வளவு பயம். இரவுத் தட்டில் இப்போது பாதிக்கு மேல் காய்கறிதான். தேக்கா சந்தையில் மட்டும் தோற்றுப்போகிறோம். தேவாலயத்தில் பூசை முடிந்து அங்கே போனால், தூரத்தில் இவர் தலையைப் பார்த்ததுமே தேநீர்க்கடை பாய் சீனி கலந்த கெட்டிப்பால் ஊற்றி ஆற்றத் தொடங்கிவிடுவார். நாங்கள் உட்காரும் முன்பே தேநீர் மேசைக்கு வந்துவிடும். ஆற்றிய தேநீரைத் திருப்பி அனுப்ப இவருக்கு மனம் வராது.

இன்று இவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மீன் கடைகள் பக்கமாகப் பின்வாசலில் நுழைந்து, பாயின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

"பாய், சீனி வேணாம், பால் வேணாம். ஒரு தே-ஓ கோசோங்."

பாய் திடுக்கிட்டுத் திரும்பினார். "என்னண்ணே, டீச்சரோட சண்டையா?"

"சண்டை இல்ல லா. ஊசிக்குப் பயம்."

முதல் மடக்கில் இவர் முகம், முதல் நாள் பள்ளிக்கு வந்த பிள்ளையின் முகம் போல ஆனது. என் வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளைகளிடம் அழாதே என்று நான் சொன்னதில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். இன்றும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கோப்பையை முடித்துவிட்டார்.

ரயிலில் சொன்னார்: "அடுத்த வாரம் முன்வாசல் வழியாவே போவோம், ஸ்டெல்லா. பாய் பாத்ததும் தே-ஓ கோசோங்கே போடட்டும்."

பரிசோதனை என்ன சொல்லுமோ. உள்ளே குறட்டைச் சத்தம் கேட்கிறது. எத்தனை நாளாயிற்று இதைக் கேட்டு. விளக்கை அணைக்கிறேன்.