வெள்ளிக்கிழமை ஆறு மணி

சார்,

உங்கள் வருஷ திதிக்குத் திண்டிவனம் போயிருந்தேன். உங்கள் படத்தைச் சுற்றி சீரியல் பல்பு, சிவப்பும் பச்சையுமாக மினுக்கிக்கொண்டிருந்தது. இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்தேன்.

விழுப்புரம் ஆபீசில் நான் வாட்ச்மேன், நீங்கள் இன்ஜினியர். கிளை ஆபீஸ்களில் எல்லாரும் கம்ப்யூட்டரில் போடும் கையெழுத்துக்குச் சான்று கொடுப்பது நம் ரூமிலிருந்த சர்வர். "இது செத்தா எல்லாரும் உங்கள மாதிரி கைநாட்டுதான் பெரியவரே" என்று சிரிப்பீர்கள்.

அங்கே நான் மாட்டிய அம்மன் படத்துக்கு, உங்கள் கடைசி ஆடியில், சீரியல் பல்பு வாங்கித் தந்தவர் நீங்கள். வெள்ளிதோறும், நீங்கள் ரயிலுக்குக் கிளம்பியபின், சுவரோரக் கறுப்புப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்தத் துளையில் பல்பைச் செருகுவேன். ஏழு மணிக்குப் பழையபடி மாட்டிவிடுவேன். ஆறு மணிக்குத்தான் சர்வர் முழுவதும் தானாக அந்தப் பெட்டிக்குள் நகலாகிறது என்பது எனக்குத் தெரியாது.

நகல் ஏறவில்லை. ஒயரை மாற்றினீர்கள், பாஸ்வேர்டை மாற்றினீர்கள். திங்கட்கிழமை கொஞ்சமாக ஏற்றிப் பார்த்தால் ஏறும். முழுதாக ஏற்ற சர்வரை நிறுத்த வேண்டும். அதற்கு வெள்ளி மாலைதான் அனுமதி.

மூன்றாவது வாரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். "வெள்ளிக்கிழமைன்னா மட்டும் பேஜாரு பண்ணிக்கினு கீது. யாரனா பிளக்க தொட்டீங்களா?"

அந்த நொடி எனக்குப் புரிந்துவிட்டது.

"நானா சார்? கைநாட்டு, எனக்கின்னா தெரியும்?"

வேலை போய்விடும் என்ற பயம். வருகிற வெள்ளி பல்பு போடாவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வியாழக்கிழமையே சர்வர் செத்தது. பெட்டியில் ஆடிக்கு முந்தைய நகல்தான் இருந்தது. அதற்குப்பின் பதிந்த கையெழுத்தெல்லாம் போயிற்று.

விசாரணையில் மேலதிகாரி என் பக்கம் திரும்பினார். "அவர வுடுங்க சார். பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்றீர்கள். வேலை போனது உங்களுக்கு. நான்கு மாதத்தில் நெஞ்சுவலி. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், நீங்கள் திரும்பவில்லை.

திதியன்று சொல்லத்தான் வந்தேன். உங்கள் வீட்டம்மா, "கடைசி வரிக்கும் எங்க தப்பு பண்ணேன்னு தெரியலையேன்னு பொலம்பிக்கினே இருந்தாரு பெரியவரே" என்று இலை போட்டார். சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன்.

கோர்ட் வாசலில் மனு எழுதுகிறவரிடம் இதைச் சொல்லி எழுதுகிறேன். "செத்தவருக்கு எந்த அட்ரஸ் போடறது?" என்கிறார். உங்கள் வீட்டம்மா பெயருக்குப் போடச் சொன்னேன். உங்கள் படத்துக்கு முன்னால் அவர் படிக்கட்டும். தப்பு உங்களுடையது இல்லை, சார்.

கீழே இருப்பது என் கட்டைவிரல்.