சைவ் என்று ஒரு பேத்தி

ஸ்காபரோ,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரசாந்தினிக்கு,

நீயும் மருமகனும் பிறந்த செல்லமும் வன்கூவரில் சுகமாயிருக்கக் கோணேசப் பெருமானை வேண்டிக்கொள்கிறேன். இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம், அதுவும் கோடை வந்தால் சரியாகிவிடும் என்று ஒவ்வொரு பனிக்காலமும் சொல்கிறார். ஃபோனில் கதைக்கத் தொடங்கினால் பிள்ளை அழுகிறாள், நீ வைத்துவிடுகிறாய், அதனால்தான் பிள்ளை பெற்ற உடம்புக்கு நான் இடித்த சரக்குத்தூள் பார்சலுக்குள் இதையும் எழுதி வைக்கிறேன், பிள்ளை நித்திரையான பிறகு ஆறுதலாக வாசி.

நீ முதலில் பேரை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினாய் அல்லவா, எஸ், ஏ, டி, எச், பி, எச் என்று. அப்பா அதைப் பார்த்துவிட்டு, பிள்ளையின் கால் பட்டு ஃபோனில் ஏதோ அமுங்கிவிட்டது, பேர் பிறகு வரும் என்று பின்னேரம் வரை காத்திருந்தார். பிறகு நீ ஃபோன் எடுத்து, அதைச் “சைவ்” என்று வாசிக்க வேண்டும் என்றதும் மனிதருக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. அயர்லாந்து மருமகன் தன் பிள்ளைக்குச் சைவம் என்று பேர் வைத்துவிட்டார் என்று எங்கள் வோபர்ன் பகுதி முழுக்கச் சொல்லித் திரிந்தார். மாப்பிள்ளையின் பேர் கீரன் என்று நீ முதன்முதல் சொன்னபோது “எந்த ஊர்ப் பொடியன், மூதூரோ?” என்று கேட்டவர்தானே. அது பழைய ஐரிஷ் பேர், இனிமையானவள் என்று பொருள் என்று நீ விளக்கியதை நான் எடுத்துச் சொன்னாலும், “அவைக்கும் அடியில சைவந்தான்” என்கிறார்.

எனக்கோ அந்த எழுத்துகளைப் பார்க்கவே பயமாக இருந்தது. அன்றைக்கு உன்னோடு சண்டை பிடித்ததும் அதனால்தான். டியும் பியும் இரண்டு எச்சும் வாயே திறக்காமல் குந்தியிருக்கிற பேரைச் சுமந்துகொண்டு அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்ன பாடு படும், ஒவ்வொரு செப்டம்பரும் புது ரீச்சருக்கு அவள் பாடம் எடுக்க வேண்டுமே, ஒரு மாயா, ஒரு லீனா என்று வைத்தால் என்ன என்று கேட்டேன். நீ படாரென்று ஃபோனை வைத்தாய். பிறகு பிள்ளையின் படம்கூட வரவில்லை. அப்பா என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

போன கிழமை வெள்ளிக்கிழமை பிள்ளையின் பேருக்கு அர்ச்சனை செய்யக் கோயிலுக்குப் போனோம். ஐயர் பேரும் நட்சத்திரமும் கேட்டார். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு “சைவ், ரேவதி” என்றார். “நாங்கள் எல்லாரும் சைவந்தானே அண்ணை, பிள்ளையின்ர பேரைச் சொல்லுங்கோ” என்றார் ஐயர். அதுதான் பேர் என்றார் அப்பா. “நான் சமயம் கேக்கேல்லை, பேர்” என்றார் அவர். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது, அதில் நின்ற விநாயகமூர்த்தி அண்ணை, அப்பாவோடு முன்பு வேலை செய்தவர், “அப்ப பிள்ளை மச்சம் மாமிசம் சாப்பிடாதோ?” என்று வேறு கேட்டார், பால் குடிக்கிற பிள்ளையைப் பற்றி. கடைசியில் ஐயருக்குப் பொறுமை போய், “கடவுளுக்கு எல்லாம் விளங்கும், நான் சிவானி எண்டு சொல்லிவிடுறன்” என்றார். அப்பாவும் தலையாட்டிவிட்டார்.

எனக்கு அப்படி ஒரு கோபம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. நான் உன்னிடம் கேட்ட மாதிரி லேசான பேரைத்தானே அவர் தந்தார். ஆனால் அந்த நேரம் பார்த்து, மார்க்கம் நகரத் தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஞாபகம் வந்தது. சுப்பர்வைசர் என் பேர் அட்டையைப் பார்த்தான், வாயைத் திறந்தான், மூடினான், “கொனி” என்றான். அன்று தொட்டு நான் கொனி, கிறிஸ்மஸ் வாழ்த்து மட்டையிலும் கொனி. கெட்டவன் இல்லை, அவனுக்கு என் பேருக்கு நேரமில்லை, அவ்வளவுதான். உன் மகளுக்கும் பிறந்த கையோடே, அதுவும் எங்கள் கோயிலிலேயே, நேரமில்லை என்றால் எப்படி? “ஐயா, சிவானி எங்கட பிள்ளை இல்லை, எங்கட பிள்ளை சைவ், ஒருக்கா சொல்லிப் பாருங்கோ” என்றேன். சன்னிதியில் என் குரல் கொஞ்சம் கூடிவிட்டது. வரிசையில் நின்ற சனமும் சேர்ந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. கடைசியில் மந்திரத்தின் நடுவில், மணிச்சத்தத்தோடு, உன் மகளின் பேர் சரியாக விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, கற்பூரப் புகை என்று அப்பாவிடம் சொன்னேன்.

அத்தோடு முடியவில்லை. திங்கட்கிழமை வேலையில் றிச்சர்ட், அவன்தான் இப்போது எங்கள் சுப்பர்வைசர், வழமைபோல் கொனி என்று கூப்பிட்டான். நான் திரும்பவில்லை. கிட்ட வந்து, காதில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டான். என் பேர் கோணேஸ்வரி என்றேன். பாவம், முகம் சிவந்துபோய், இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை என்றான். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க என் முன்னால் இருந்து அதைச் சொல்லிப் பழகினான். இப்போது அவன் என் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் பெல்ற்றில் ஒரு பெட்டி தாண்டிப் போய்விடுகிறது. போகட்டும். அவன் முடிக்கும்வரை நான் திரும்புவதில்லை.

ஆகவே பிள்ளை, அன்றைக்குச் சொன்னதை மனதில் வைத்திராதே. பேரை மாற்றாதே, ஓர் எழுத்தும் குறைக்காதே. தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு படுக்காதே. எங்கள் சைவ் நோய்நொடி இல்லாமல் வளர்ந்து, தன் பேரைத் தானே எழுத்துக்கூட்டிப் பெரிய சத்தமாகச் சொல்ல வேண்டும், உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம். சரக்குத்தூள் உனக்குத்தான், மருமகன் கோழிக்கறிக்குப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள். இன்றைக்கே படம் அனுப்பு.

உன்னை நினைத்தபடி,
அம்மா